நலம் என்ற பழைய பதில்

பிற்பகல் மூன்று மணி ஐந்து நிமிடத்துக்கு அஜின் இறந்த செய்தி என் திரைக்கு வந்தது. அதை வெளியே விடுவது என் வேலை.

நான் கருங்கல் ஊரில் ஒரு மாடி அறையிலிருந்து படகுச் சங்கத்தின் செயலியைப் பார்த்துக்கொள்கிறேன். கடலுக்குப் போனவரின் பெயரை அழுத்தினால் ஒரு சொல் வரும். நலம், கரை சேர்ந்தார், தொடர்பில்லை. சங்கத்தின் வயர்லெஸ் அறையில் ஷிஜின் கேட்டுப் பதிவு செய்வான். மரணம் மட்டும் இரண்டாவது ஆள் சரிபார்க்காமல் வெளியே போகாது. இரண்டாவது ஆள் நான்.

முந்தைய ஆண்டுப் புயலின்போது செயலி நான்கு மணி நேரம் படுத்துவிட்டது. எல்லாக் கேள்விகளும் ஒரே தரவுத்தளத்துக்குப் போனதுதான் காரணம். மஸ்கட்டிலும் தோகாவிலும் இருக்கிற அண்ணன் தம்பிகள் எல்லாரும் ஒரே நேரத்தில் திறந்தார்கள். அதன்பிறகு நான் ஒன்பது கணினிகளைச் சேர்த்துக் கட்டினேன். ஒவ்வொருவரின் நிலையும் குறைந்தது இரண்டு கணினிகளின் நினைவகத்தில் நகலாக இருக்கும். ஒன்று விழுந்தால் மற்றது பதில் சொல்லும். கேள்வி தரவுத்தளம் வரை போகாது. பதிவு மாறினால் எல்லா நகல்களும் இரண்டு நொடியில் மாறும்.

சங்கச் செயலாளர் ஜேசுதாஸ் வீட்டில் அவரிடம் இதை விளக்கியபோது அவர் சிரித்தார்.

"ஒரே பதிலை ஒம்பது பெட்டியில வச்சிருக்கியா? ஒரு பெட்டி காணாதா மக்கா?"

"காணாது. புயல் அடிச்சா ஒரு லட்சம் தடவை கேப்பாவ."

"கேக்கதுதானே பொம்பளையளுக்க வேலை" என்றார். அவர் மனைவி ரீத்தா உள்ளேயிருந்து, "கடலுக்குப் போறவரு வயர்லெஸ்ஸ அணைச்சுப் போடாம இருந்தா நாங்க எதுக்குக் கேக்கோம்?" என்றாள்.

அன்று அவர் ஒன்று கேட்டார். பதிலுக்குக் கீழே அது எத்தனை மணிக்குக் கிடைத்த தகவல் என்று ஒரு வரி வைத்திருந்தேன். அதை எடுத்துவிடச் சொன்னார். மூன்று மணிக்குப் பார்ப்பவள் 'பதினொன்று இருபது' என்று கண்டால், நடுவில் என்ன ஆனது என்று நினைத்துப் பயந்துபோவாள். வீடு வீடாக அழுகை தொடங்கும் என்றார்.

"நலம்னு மட்டும் இருக்கட்டு. நேரம் எதுக்கு?"

எடுத்துவிட்டேன். என் மனைவி லிஜா போய் ஒரு மாதம்கூட ஆகாத சமயம் அது. யார் எது சொன்னாலும் செய்துகொண்டிருந்தேன்.

இப்போது ஷிஜினை அழைத்தேன்.

"உறுதிதானா?"

"ராஜமணி மாமாக்க போட்டுல ஏத்தியாச்சு அண்ணே. ரெண்டு மணிக்கு அவன் போன போட்டு அலையில மறிஞ்சிருக்கு. அஞ்சு பேரு உயிரோட கெடைச்சாச்சு. அஜின்…" நிறுத்தினான். "மாமா அவன் மொகத்தைப் பாத்து சொன்னாரு. அவருக்க தங்கச்சி மவன்லா."

சரிபார்த்தாயிற்று. வெளியே விடும் பொத்தானை அழுத்தும் முன் ஜேசுதாஸ் அழைத்தார்.

"மக்கா, அதை விட்டிராத. பாதர் கோட்டாறுல மீட்டிங்ல இருக்காரு. கார் அனுப்பியாச்சு. அவரு வந்து, நாங்க நாலுபேரு சேர்ந்து வீட்டுக்குப் போயிதான் சொல்லணும். போன்ல சாவு சொல்லப்பிடாது."

"எவ்வளவு நேரம்?"

"ஒரு மணிக்கூர். கூடிப்போனா ஒண்ணரை. அந்தப் பிள்ளை வீட்டுல தனியா இருக்கு."

"அதுவரைக்கும் அவளுக்கு என்ன காட்டுது தெரியுமா? நலம்னு காட்டுது."

"காட்டட்டு. ஒரு மணிக்கூர் நிம்மதியா இருக்கட்டுலே."

வைத்துவிட்டார். யார் எத்தனை முறை கேட்டார்கள் என்ற பட்டியலைத் திறந்தேன். அஜினின் பெயரை அவன் மனைவி ஜெஸ்மியின் எண் காலையிலிருந்து நூற்று நாற்பத்து மூன்று முறை கேட்டிருந்தது. கடைசி ஒரு மணி நேரத்தில் இரண்டு நிமிடத்துக்கு ஒரு முறை. ஒவ்வொரு முறையும் ஏதோ ஒரு கணினி, யாரிடமும் விசாரிக்காமல், நலம் என்று சொல்லியிருந்தது. நான் கட்டியது பிழையில்லாமல் வேலை செய்தது.

நூற்று நாற்பத்து நான்கு.

எனக்கும் ஒருநாள் இப்படி ஒரு மணிக்கூர் கொடுத்தார்கள். நான் திருவனந்தபுரத்தில் அலுவலகத்தில் இருந்தேன். லிஜாவின் அண்ணன் பிரைட்டன் அழைத்தான். "கொஞ்சம் சீரியஸ். பதட்டப்படாம வா." அவள் அதற்கு முன்பே இறந்திருந்தாள். எனக்குத் தெரியாது. களியக்காவிளையில் பேருந்து நின்றபோது இறங்கி ஆரஞ்சு வாங்கினேன். அழுகியது வேண்டாம் என்று கடைக்காரரிடம் சொல்லி ஒவ்வொன்றாகப் பொறுக்கினேன். அந்தப் பையுடன்தான் வீட்டு வாசலில் இறங்கினேன். பந்தல் போட்டிருந்தது. யாரோ என் கையிலிருந்து பையை வாங்கிக்கொண்டார்கள்.

பிரைட்டன் நல்லவன். இன்றுவரை நான் அவனிடம் பேசவில்லை.

நூற்று நாற்பத்தைந்து.

மரணச் செய்தியை நான் வெளியே விடவில்லை. அவள் அதை ஒரு திரையில் படிக்கக்கூடாது. ஆனால் ஒன்பது கணினிகளிலும் அஜினின் நகலை அழித்தேன். நகல் இல்லாத பெயரைக் கேட்டால் திரையில் உதவி எண் மட்டும் வரும். உதவி எண் என்னுடையது.

ஒரு நிமிடத்துக்குள் கைபேசி அடித்தது.

"அண்ணே, நான் அஜினுக்க வீட்டுலேந்து. இவ்வளவு நேரம் நலம்னு காட்டுச்சு. இப்ப நம்பர் மட்டும் வருது. நெட்டு கெட்டுப்போச்சா?"

"இல்ல. பக்கத்துல ஆரு இருக்கா ஜெஸ்மி?"

"ஆரும் இல்ல. எல்லாரும் கடப்புறத்துல நிக்காவ."

"பக்கத்து வீட்டுல ஆளைக் கூப்பிடு. போனை வைக்காத."

அவள் கூப்பிடும் சத்தம் கேட்டது. ரெஜிஷாக்கா, ரெஜிஷாக்கா. ஒரு கதவு. கோழிகள். பிறகு மறுபடியும் அவள் மூச்சு.

"அக்கா வந்தாச்சு. சொல்லுங்க. சீரியஸா அண்ணே?"

ஆமாம் என்றால் போதும். பாதர் வரும்வரை அந்தச் சொல் தாங்கும்.

"இல்லம்மா" என்றேன். "அஜின் செத்துப்போனான். போட்டு மறிஞ்சிட்டு. ராஜமணி மாமாக்க போட்டுல கொண்டுவாறாவ."

அவள் உடனே அழவில்லை.

"எப்ப?"

"ரெண்டு மணிக்கு."

"ரெண்டேகாலுக்கு நான் பாத்தேன். நலம்னு இருந்துதே."

"ஆமா."

"ரெண்டரைக்கும் இருந்துது. அதுக்கு அப்புறம்தான் சோறு வச்சேன்."

"அது பழைய பதில் ஜெஸ்மி. காலையில பதினொண்ணு இருபதுக்குக் கிடைச்சது. நேரம் போடாம விட்டது நான்."

கைபேசி எதிலோ மோதும் ஒலி. பிறகு அழுகை. ரெஜிஷா, "எம்புள்ளே, எம்புள்ளே" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். நான் வைக்கவில்லை. நாற்பத்தொரு நிமிடம் காதில் வைத்திருந்தேன். கார் வந்து நிற்கும் சத்தமும் பாதரின் குரலும் கேட்ட பிறகுதான் வைத்தேன். பிறகு பதிவை வெளியே விட்டேன்.

மாலையில் ஜேசுதாஸ் மாடி ஏறி வந்தார். உட்காரவில்லை.

"அந்தப் பிள்ளைக்க மொகத்தைப் பாக்காம, போன்ல சாவு சொன்னியாலே. ஒனக்கு மனசு இருக்கா?"

திரையை அவர் பக்கம் திருப்பினேன். நலம் என்ற சொல்லுக்குக் கீழே, சிறிய எழுத்தில், மறுபடியும் நேரம் இருந்தது. அவர் கடலில் இருந்த தன் தம்பியின் பெயரை அழுத்திப் பார்த்தார். நலம். பிற்பகல் இரண்டு ஐம்பது. அப்போது மணி ஐந்தே முக்கால்.

அவர் முகம் மாறியது.

"இதை எடுத்திரு மக்கா."

"எடுக்கமாட்டேன்."

பிறகு கைபேசியை எடுத்து, வயர்லெஸ் அறைக்கு அழைத்து, "லே ஷிஜின், எனக்க தம்பியை இப்ப கூப்பிட்டுப் பாரு" என்றார். இருவரும் காத்திருந்தோம்.