அம்மாவின் வாட்டம்

இதைச் சரியாகத்தான் நினைவு வைத்திருக்கிறேனா என்று எனக்கே சந்தேகம். ஆனால் தயாபரன் வீட்டில் எல்லாமே அவன் தம்பி முகுந்தனின் அறைப் பக்கமாக உருண்டன என்பது நிச்சயம்.

முதலில் கத்தரிக்காய்கள். பிறகு வேகவைத்த முட்டை. அது முகுந்தனின் தட்டில் ஏறி நின்றது. அவன் சாப்பிட்டான்.

பொங்கலுக்குப் பிறகு அம்மாவே நகர ஆரம்பித்தாள். கூடத்து நடுவில் நாற்காலி போட்டுக் கீரை ஆய்வாள். ஆய்ந்து முடிப்பதற்குள் நாற்காலியோடு முகுந்தனின் வாசலில் இருப்பாள். தயாபரன் தூக்கி வந்து நடுவில் வைப்பான். அவள் மறுபடி அந்த வாசலுக்கே போய்விடுவாள்.

அவளுக்கும் தன் அறைக்கும் உள்ள தூரத்தை அவன் தினமும் அளந்தான். தை மாதம் பதினோரு அடி. மாசியில் பதினெட்டு. கூடம் மொத்தமே பன்னிரண்டு அடிதான்.

அவன் நகராட்சியின் சாய்வுப் பிரிவில் மனு கொடுத்தான். அங்கிருந்த எழுத்தர் அவனை வெகு நேரம் பார்த்தார்.

"தலைய நேரா வைங்க."

"நேராத்தான் வெச்சிருக்கேன்."

'மனுதாரருக்கும் சாய்வு உண்டு' என்று எழுதிக்கொண்டு, ஏழுமலை என்ற கொத்தனாரை அனுப்பிவைத்தார்.

ஏழுமலை ரசமட்டத்தைத் தரையில் வைத்தார். குமிழி நடுவில் நின்றது. அதையே அம்மாவின் தோளில் வைத்தார். குமிழி தயாபரனின் பக்கமாக ஓடியது. அவனுக்கு ஒரு கணம் சந்தோஷமாக இருந்தது. குமிழி மேட்டுப் பக்கம்தான் ஓடும் என்று ஏழுமலை விளக்கினார்.

"தரை மட்டமாத்தான் இருக்கு தம்பி. அம்மாவுக்குத்தான் வாட்டம் அந்தப் பக்கம்."

"சரி பண்ண முடியுமா?"

"வாட்டத்த மாத்தலாம். மத்தது நம்ம வேலையில்ல."

அம்மாவின் ஒரு செருப்புக்கு அடியில் அரை அங்குலம் சிமெண்டுக் கலவை பூசினார். மூன்று நாள் தண்ணீர் ஊற்றச் சொன்னார். தயாபரன் வேலைக்குப் போகாமல் ஊற்றினான்.

நான்காம் நாள் அம்மா நகர்ந்தாள். பதினெட்டு அடியையும் கடந்து வந்து அவன் கட்டிலில் இடித்து நின்றாள். அவன் கன்னத்தைத் தொட்டாள். இதற்கு முன் தொட்டதில்லை.

"முகுந்தா, சாப்ட்டியாடா?"

மின்விசிறி சுற்றியது. அவள் கையை எடுக்கவில்லை.

"சாப்ட்டேம்மா."

"அண்ணன் வந்துட்டானா?"

"இன்னும் வரல."

"வந்தா போட்டுத் தின்னச் சொல்லு."

ஏழுமலை இப்போது பக்கத்துத் தெருவில் ஒரு மாமனாரைப் பூசிக்கொண்டிருக்கிறார். முகுந்தன் ஓசூரில் வேலைக்குப் போய்விட்டான். அம்மா தன் மகனோடு இருக்கிறாள். தயாபரன் இன்னும் வரவில்லை.