போலாம் ரைட்

கணவர் பிழைத்தெழுந்தால் மலைக்கோயிலுக்கு நடந்தே வருவதாக நர்ஸ் வேண்டிக்கொண்டிருந்தாள். மனுஷர் பிழைத்தார், தொப்பையும் போட்டார். வேண்டுதல்தான் லீவு கிடைக்காமல் வருஷா வருஷம் இழுத்துக்கொண்டே போனது. சாமி பொறுத்துக்கொண்டார். மாமியார்தான் பொறுக்கவில்லை.

இந்த வருஷம் ஒருவழியாக லீவு கிடைத்தது. காலை டூட்டி முடிந்ததும் செருப்பைக் கழற்றி, ஆஸ்பத்திரி வாசலில் நின்ற கணவர் கையில் கொடுத்தாள். மலைக்கோயிலுக்குப் போகும் நடைக்கூட்டமும் அங்கேயே தயாராக நின்றது. வார்டில் மறந்துவிட்ட தண்ணீர் பாட்டிலை எடுக்க உள்ளே ஓடினாள். போனவள் மாட்டிக்கொண்டாள்.

இடுப்பில் ஆபரேஷன் ஆன ரிட்டயர்டு பஸ் கண்டக்டர் கட்டில் ஓரத்தில் வாக்கரைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். டாக்டர் மிரட்டியும் மகள் அழுதும் எழுந்திருக்காத மனிதர். நேற்று அவள் விளையாட்டாக "போலாம் ரைட்!" என்றதும்தான் முதல்முறையாக எழுந்து நின்றார்.

"கக்கூஸுக்கு நடந்தே போறேன்னு வேண்டிக்கிட்டேம்மா. இனிமே அந்தச் சட்டி எனக்கு வேணாம்."

"வேற சிஸ்டரைக் கூப்பிடறேன் ஐயா."

"அவங்களுக்கு ரைட் சொல்ல வராது. நானும் ரொம்ப நேரம் தாங்கமாட்டேன்."

அவள் பல்லைக் கடித்துக்கொண்டு அவர் தோளைத் தாங்கிப் பிடித்தாள். "போலாம் ரைட்!"

வண்டி நகர்ந்தது. சும்மா நகரவில்லை, கட்டிலுக்குக் கட்டில் "ஹோல்டான்!" சொல்லி நின்று, ஆளாளுக்கு நலம் விசாரித்துக்கொண்டு நகர்ந்தது. பாதி வழியில் ஜன்னலுக்கு வெளியே நடைக்கூட்டம் கிளம்பிப் போவது தெரிந்தது. அவளுக்கு அழுகையே வந்துவிட்டது.

கண்டக்டர் அதைப் பார்த்துவிட்டார். "நீ போம்மா. நான் இப்படியே நின்னுக்கறேன்." சொல்லும்போதே வாக்கரோடு ஒரு பக்கமாகச் சாய்ந்தார்.

"பேசாம நடங்க. ரைட்!"

ஒருவழியாகக் கக்கூஸ் வந்தது. அவர் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அவள் கதவுக்கு வெளியே நின்றாள். பிறகு வார்டே அதிரக் குரல் வந்தது: "சிஸ்டர்! வேண்டுதல் நிறைவேறிடுச்சு!"

எல்லாக் கட்டிலிலும் சிரிப்பு. ஆபரேஷன் ஆனவர்கள் தையலைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். அவளும் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். போன் அடித்தது.

"எல்லாரும் போயிட்டாங்க. எங்கடி இருக்கே?" என்றார் கணவர்.

அவள் குனிந்து தன் வெறுங்காலைப் பார்த்தாள்.

"வந்து சேர்ந்துட்டேங்க. நடை சாத்தியிருக்கு. வாசல்ல நிக்கிறேன்."