பதினெட்டாம் எண்ணில் நான்கு பேர்

“எங்க வீட்ல நாலு பேர். எனக்கு நாலு சிப் வேணும்.”

இதை மட்டும் கேட்டுத் தொலைக்காதே என்று யாசென் மூன்று வாரமாகச் சொல்லிக்கொண்டிருந்தான். கூட்டத்துக்கு வா, ஓரமாக நில், கூரை ஒழுகுகிறது என்று யாராவது சொன்னால் ஆமாம் போடு, லிஃப்டை இயக்குகிற சிப் பேச்சை எடுக்காதே. நாங்கள் குடியிருப்பது அவனுடைய பெரியம்மாவின் வீடு. அவர் வார்னாவில் கடலோரம் இருந்துகொண்டு, எங்களை இங்கே வாடகை இல்லாமல் வைத்திருக்கிறார். ஓசியில் இருப்பவர்கள் எதையும் கேட்கக் கூடாது. இது என் கணவனின் சட்டம்.

அதனால்தான் வாயைத் திறந்ததும் அதைக் கேட்டேன்.

கட்டடத்தின் கீழ்த்தளத்தில், தபால் பெட்டிகளுக்கு முன்னால் பதினான்கு பேர் கூடியிருந்தோம். சிலர் வீட்டிலிருந்து முக்காலி கொண்டுவந்திருந்தார்கள். செப்டம்பர் கடைசி. குளிர்காலத்துக்குப் பதப்படுத்த ரூசே நகரமே பால்கனியில் மிளகாய் சுட்டுக்கொண்டிருந்த வாரம் அது. எல்லார் சட்டையிலும் கருகிய தோலின் வாசனை. யாசென் வாசல் கதவோரம் நின்றான். மெச்சோ அவன் காலணி மேல் மோவாயை வைத்துப் படுத்திருந்தான். சூஷ்கா கயிற்றை இழுத்துக்கொண்டு ஒவ்வொருவர் முழங்காலையும் மோந்து பார்த்துக்கொண்டிருந்தாள். மாலை உலாவை முடித்துவிட்டு அப்படியே கூட்டத்துக்கு வந்திருந்தோம்.

கட்டடத்தின் நிர்வாகி இன்ஜினியர் ஸ்தோய்லோவ் மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார்.

“நாலு பேரா? கல்யாணம் ஆகி ரெண்டு வருஷந்தானே ஆச்சு. நடுவுல ரெண்டு எப்பம்மா பெத்தே, யாருக்கும் சொல்லாம?”

சிரித்தார்கள். சிரிக்கட்டும் என்று விட்டேன்.

“பெக்கல சார். நீங்களே எழுதி வச்சிருக்கீங்க. புத்தகத்தைத் தொறங்க.”

எல்லாக் கட்டடத்திலும் ஒரு வீட்டுப் புத்தகம் உண்டு. எந்த வீட்டில் எத்தனை பேர் என்று அதில் எழுதியிருக்கும். வெளியே உலாவக் கூட்டிப்போகிற நாய் இருந்தால் அதையும் எழுத வேண்டும். படி கழுவ, விளக்கு எரிய, லிஃப்ட் ஓட என்று மாதாமாதம் தலைக்கு இவ்வளவு என வாங்கும்போது நாயும் ஒரு தலை. அதுதான் விதி. நாங்கள் குடிவந்த மறுநாளே நான் இரண்டு நாய்களின் மருத்துவ அட்டைகளையும் எடுத்துக்கொண்டு ஸ்தோய்லோவ் வீட்டுக் கதவைத் தட்டி, பெயர், வயது, நிறம் எல்லாம் சொல்லி எழுத வைத்தேன். யாசென் ஒரு வாரம் சிரித்தான். “யாராவது நாயைப் போய் எழுதிக் கொடுப்பாங்களா ராலி?”

யாரும் கொடுக்க மாட்டார்கள் என்பது பிறகு தெரிந்தது. எங்கள் படிக்கட்டில் ஏழு நாய்கள் இருக்கின்றன. புத்தகத்தில் இரண்டு. இரண்டும் என்னுடையவை.

நான் அப்படி வளர்ந்தவள். அப்பா டிராக்டர் ஓட்டுகிறார், அம்மா பதப்படுத்தும் தொழிற்சாலையில் மிளகாய் உரிக்கிறாள். எங்கள் குடும்பத்தில் பல்கலைக்கழகத்தின் உள்வாசலைப் பார்த்த முதல் ஆள் நான்தான். காகிதத்தில் இருப்பதுதான் நிஜம் என்று நம்பித்தான் ஐந்து வருடம் இயந்திரவியல் படித்தேன். இப்போது பம்பு ஆலையில் சோதனைப் பிரிவில் இருக்கிறேன். ஸ்தோய்லோவும் இதே ஊரில், இதே துறையில் படித்தவர். ஓய்வு பெற்றுப் பத்து வருடமாகியும் இந்தக் கட்டடத்துக்கு அவர் இன்ஜினியர். நான் பதினெட்டாம் நம்பர் வீட்டுப் பொண்ணு.

மெச்சோ எனக்கு முந்தையவன். யாசென் மாணவனாக இருந்தபோது கொண்டுவந்த குட்டி. இப்போது பதினொரு வயது, முப்பத்தாறு கிலோ, உருவம் கரடி, குணம் போர்வை. யாசெனின் அறைக்கு நான் முதன்முதலில் போன அன்று மெச்சோ என் பையின் மேல் ஏறிப் படுத்துக்கொண்டான். காலையில்தான் எடுக்க முடிந்தது. அதில்தான் எங்கள் கல்யாணம் முடிவானது என்று யாசென் எல்லாரிடமும் சொல்வான். சூஷ்கா என் பங்கு. அம்மாவின் தொழிற்சாலை வாசலில் ஒரு மிளகாய்ப் பெட்டிக்குள் கிடந்தாள். சூஷ்கா என்றால் மிளகாய். அப்போது அளவும் அதுதான், அதனால் பெயரும் அதுவே ஆனது. அளவு மட்டும் மாறியிருக்கிறது.

காலையில் சூஷ்கா யாசெனின் மார்பில் ஏறி நின்று எழுப்புவாள். மெச்சோ அடுப்படியில் அவித்த முட்டைக்காகச் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான். கேட்பது கௌரவக் குறைவு அவனுக்கு. ஞாயிற்றுக்கிழமை பாலாடைக்கட்டி வைத்த பனித்சா அடை சுட்டால் ஓரம் முழுவதும் அவர்கள் இருவருக்கும், நடு எங்களுக்கு. நான் வேலைக்குப் போன பிறகு யாசென் இரண்டு பேரையும் கட்டிலில் ஏற்றுவான். மாலையில் தலையணையிலிருந்து முடியை எடுத்துக் காட்டினால், “உன்னோடதா இருக்கும்” என்பான். என் முடி கறுப்பு.

இந்த வசந்தத்தில் மெச்சோவின் பின்னங்கால்கள் தளர்ந்தன. சமதரையில் நன்றாக நடப்பான், இன்னும் இரண்டு மூன்று வருடம் சந்தோஷமாக இருப்பான், படிக்கட்டு மட்டும் ஆகாது என்றார் மருத்துவர். ஆகாவிட்டால் போகிறது, லிஃப்ட் இருக்கிறதே என்று வீடு திரும்பினோம். ஜூனில் லிஃப்டுக்குள் யாருடைய நாயோ மூத்திரம் பெய்தது. மறுநாள் காலை கண்ணாடிக்கு மேல் அறிவிப்பு: பதிவு செய்யப்பட்ட நாய்களை லிஃப்டில் ஏற்றக் கூடாது. ஸ்தோய்லோவின் கையெழுத்து, அடிக்கோடு வேறு. பதிவு செய்யப்படாத நாய்கள் இந்தக் கட்டடத்தில் இல்லாதவை. இல்லாத நாய் எப்படி மூத்திரம் பெய்யும்? மிச்சம் இருந்தது என் இரண்டும்தான். நான் இரண்டு தடவை மெச்சோவை ஏற்றிக்கொண்டு போனேன். லிஃப்டில் கேமரா இருக்கிறது. மூன்றாவது நாள் என் சிப் வேலை செய்யவில்லை. தன்னுடையதையும் முடக்கிவிடுவார்கள் என்று யாசென் மெச்சோவை லிஃப்டில் ஏற்றவில்லை.

ஆறாவது மாடிக்குத் தொண்ணூற்றாறு படி. நான் துண்டை வயிற்றுக்கடியில் கொடுத்துப் பின்பக்கம் தூக்க, யாசென் முன்பக்கம் அணைத்துக்கொள்ள, ஒரு நாளைக்கு மூன்று முறை ஏறி இறங்கினோம். எனக்கு வேலை நேரம் மாறும் நாட்களில் யாசென் தனியாகத் தூக்கினான். போன ஞாயிறு மூன்றாம் மாடியில் மெச்சோவை இறக்கி வைத்தவன் நிமிர முடியாமல் அப்படியே கைப்பிடியில் தொங்கினான். மெச்சோ சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான். தன்னால்தான் இது என்று அவனுக்குத் தெரியும். தெரியாது என்று யாராவது சொன்னால் அவர்கள் நாய் வளர்த்ததில்லை.

அன்று சாயங்காலம், இடுப்பில் வெந்நீர்ப் பையை வைத்துக்கொண்டு, யாசென் கிராமத்தில் இருக்கும் தன் அப்பாவுக்குப் போன் செய்தான். பிறகு என்னிடம், சனிக்கிழமை நண்பனின் வேன் வரும் என்றான்.

“அங்க முற்றம் இருக்கு ராலி. படியே கிடையாது. அவனுக்கும் நல்லதுதானே.”

அந்த முற்றத்தை நான் பார்த்திருக்கிறேன். இரண்டு மீட்டர் சங்கிலி, கவிழ்த்துப் போட்ட ஒரு பீப்பாய். மாமனார் கெட்டவர் இல்லை. அவருக்கு நாய் என்பது முற்றத்தில் இருக்கிற ஒன்று, அவ்வளவுதான். பதினொரு வருடமாக யாசெனின் மூச்சுச் சத்தத்தைக் கேட்டுத் தூங்கியவனை அங்கே கட்டினால், அவன் சத்தமே போட மாட்டான். மரியாதையாகப் படுத்து, சாப்பிடாமல் இருந்து, முடித்துக்கொள்வான். நான் அன்றைக்கு யாசெனுக்குப் பதில் சொல்லவில்லை. நான் கத்தினால் அவன் பயப்படுவதில்லை. நான் பேசாவிட்டால்தான் பயம்.

செவ்வாய்க்கிழமை நான் ஒரு இடத்தைப் போய்ப் பார்த்தேன். என்னோடு வேலை செய்யும் ஜிவ்காவின் பழைய வீடு. சரக்கு ரயில் நிலையத்துக்குப் பின்னால் பூட்டிக் கிடக்கிறது. அடுப்பு புகையும், ரயில் போனால் ஜன்னல் நடுங்கும், குளியலறைக் கதவு மூடாது. வாசலில் ஒரே ஒரு படி. இன்று மத்தியானம் அதன் சாவி என் சட்டைப்பைக்கு வந்துவிட்டது. யாசெனிடம் சொல்லவில்லை. இவர்கள் சரி என்று சொன்னால் நாளையே ஜிவ்காவிடம் திருப்பிக் கொடுத்துவிடுவது என்றுதான் கூட்டத்துக்கு வந்தேன்.

ஸ்தோய்லோவ் புத்தகத்தைத் திறந்தார். திறக்காமல் இருந்திருக்கலாம், ஆனால் பதினான்கு பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“பதினெட்டாம் நம்பர்,” என்று படித்தார். “ஆட்கள், நாலு.” பக்கத்தைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்தார். “இது கணக்குக்காகப் போட்டதும்மா. சிப் மனுஷங்களுக்கு.”

“லிஃப்ட் ஓடறதுக்கு மெச்சோ பங்கு வாங்கறீங்க இல்ல?”

“விதி அப்படி.”

“அப்ப விதிப்படி ஏத்துங்க. இல்லன்னா புத்தகத்துல இருந்து அடிங்க. வாங்கும்போது ஆளு, ஏறும்போது நாயா?”

மூன்றாம் மாடிக்காரர் ஒருவர், அந்தப் பெண் சொல்வதிலும் நியாயம் இருக்கிறதே என்று தனக்குத்தானே முணுமுணுத்தார். அவர் மனைவி முழங்கையால் இடித்தாள். அப்போது ஒரு தும்மல் கேட்டது. சின்னத் தும்மல். ஐந்தாம் மாடி குனேவா அம்மாளின் மடியில் இருந்த பையிலிருந்து வந்தது. எல்லாரும் கூரை ஒழுகலைப் பார்ப்பதுபோல் மேலே பார்த்தார்கள்.

“உங்க பை தும்முதும்மா,” என்றேன்.

“என் போன் அது,” என்றாள் குனேவா அம்மாள், கண்ணை மூடிக்கொண்டு.

போன் இன்னொரு முறை தும்மியது. சூஷ்காவின் வால் பம்பரமாகச் சுற்றியது. நான் பையைத் திறக்கச் சொல்லவில்லை. அந்தக் கிழட்டுக் குட்டை நாய் புத்தகத்தில் ஏறிவிட்டால் மட்டும் மெச்சோ லிஃப்டில் ஏறிவிட மாட்டான். அதற்கும் எண்பது படி வரும், அவ்வளவுதான்.

ஸ்தோய்லோவுக்கு இது பிடிக்கவில்லை. ஓட்டெடுப்பு என்றார். பதிவு செய்த நாய்களுக்கு லிஃப்ட் கூடாது, ஆதரிப்பவர்கள் கை தூக்கலாம் என்றார். கைகள் மெதுவாக எழுந்தன. சில பாதியில் நின்றன. நான் எண்ணத் தொடங்கியதும் அவர் சட்டைப்பையிலிருந்து மடித்த காகிதம் ஒன்றை எடுத்தார்.

“வீட்டுக்காரங்கதான் ஓட்டுப் போட முடியும். நீங்க குடியிருக்கறவங்க. பதினெட்டாம் நம்பரோட ஓட்டு இதோ. உங்க பெரியம்மா ஸ்தான்கா அம்மா எனக்கே எழுதி அனுப்பிட்டாங்க.” அதையும் கை தூக்கிக் காட்டினார்.

ஆக, எங்கள் வீடே எங்களுக்கு எதிராகக் கை தூக்கியது. யாசென் காகிதத்தைப் பார்த்தான். பெரியம்மாவின் கையெழுத்தை அவனுக்கு அடையாளம் தெரியும். தலை முதல் கழுத்து வரை சிவந்துபோனான். என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் செய்துவிட்டாரா என்று அவன் முகம் கேட்டது. எதுவும் கேட்காமல் இருந்தால் எதுவும் நடக்காது என்று நம்பியிருந்தவன் அவன்.

ஸ்தோய்லோவ் நல்ல மனிதரின் குரலுக்கு மாறினார்.

“தம்பி யாசென், நீ விவரம் தெரிஞ்ச பையன். பொண்டாட்டிக்கு எடுத்துச் சொல்லு. கோவத்துல பேசுது. நீயே சொல்லுப்பா, உங்க வீட்ல எத்தனை பேரு?”

எல்லாரும் அவன் பக்கம் திரும்பினார்கள். நான் திரும்பவில்லை. அவன் ‘இரண்டு’ என்று சொல்வதை முகத்தில் பார்க்க எனக்கு விருப்பமில்லை. தபால் பெட்டிகளைப் பார்த்தேன். எங்கள் பெட்டியில் யாரோ ஒரு விளம்பரத்தாளைச் செருகியிருந்தார்கள்.

“நாலு,” என்றான் யாசென்.

“என்னப்பா?”

“நாலு பேரு சார். அவ சொன்னது சரிதான். பெரியவன் இவன்.” காலணி மேல் கிடந்த தலையைக் காட்டினான். தன் பெயர் சொல்லப்படாவிட்டாலும் மெச்சோ வாலால் தரையை ஒரு தட்டுத் தட்டினான்.

நான் ஸ்தோய்லோவின் முன்னால் போய் இரண்டு சிப்பையும் புத்தகத்தின் மேல் வைத்தேன். என்னுடைய செத்த சிப்பையும், மாலை உலாவுக்குக் கிளம்பும்போது யாசெனின் சாவிக்கொத்திலிருந்து நான் கழற்றியதையும்.

“எழுதிக்குங்க சார். பதினெட்டாம் நம்பர் காலி. ஆட்கள், நாலு. சனிக்கிழமை சாமான் போகும்.”

“எங்கம்மா போவீங்க? பெரியம்மாகிட்ட கேட்டியா?”

“இல்ல. கேட்கறதை நிறுத்திட்டேன்.”

யாசெனின் வாய் திறந்தது. சாவியை எடுத்து அவனிடம் எறிந்தேன். பிடித்துவிட்டான், முதுகுதான் போயிருக்கிறது, கை இருக்கிறது.

“ஜிவ்கா வீடு. அடுப்பு புகையும். ஒரு படிதான்.”

“வேன்?” என்றான். “அப்பாகிட்ட மெச்சோ வர்றான்னு சொல்லிட்டேனே.”

“வேன் வரட்டும். எல்லாரும் ஏறலாம், கட்டில், அடுப்பு, நீ, நான். உங்கப்பாகிட்ட நான் பேசறேன். இன்னிக்கு மெச்சோ மேல ஏறமாட்டான், ராத்திரி அங்கதான். போர்வை ரெண்டு மட்டும் எடுத்துட்டு வா.”

“சிப் குடுத்துட்டியே. ஆறு மாடி.”

“முதுகு வலிக்குதுன்னா விடு, ஜிவ்காகிட்ட இருக்கும்.”

அவன் சிரித்துவிட்டான். பதினான்கு பேர் முன்னால் இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். ஸ்தோய்லோவ் பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு, எழுதுவதா வேண்டாமா என்று என்னைப் பார்த்தார். எழுதுவதைப் பார்க்க நான் நிற்கவில்லை. சூஷ்காவின் கயிற்றை மணிக்கட்டில் சுற்றிக்கொண்டேன். வாசலுக்கு வெளியே மூன்று படி. துண்டின் ஒரு முனையை நானும் மறுமுனையை யாசெனும் பிடித்தோம். நடுவில் மெச்சோ, பெரிய மனிதர் பல்லக்கில் போவதுபோல், யாரையும் திரும்பிப் பார்க்காமல் இறங்கினான்.

கீழே கால் ஊன்றியதும் ஒருமுறை உடம்பை உதறிக்கொண்டான். சரக்கு ரயில் நிலையத்துக்கு இடப்பக்கம் திரும்ப வேண்டும். திரும்பினேன்.