பேராசிரியரின் மூக்கில் விளைந்த மருந்து

மனித குலத்துக்கு இதனால் அறிவிப்பது என்னவென்றால், இனி எந்தக் கிருமிக்கும் அஞ்ச வேண்டியதில்லை. பேராசிரியர் லைல் வாண்டர்ஸ்டீனின் இடது நாசித்துவாரத்தில் மருந்து அகப்பட்டுவிட்டது. அமெரிக்காவின் விஸ்கான்சினில் அவருடைய பல்கலைக்கழகம் வெளியிடவிருந்த செய்திக்குறிப்பின் சாரம் இதுதான். 'இடது' என்ற சொல்லைப் பேராசிரியரே சேர்த்திருந்தார்.

மனித உடம்பில் குடியிருக்கும் நல்ல கிருமி ஏதாவது, கெட்ட கிருமியைக் கொல்லும் மருந்தைச் சுரக்காதா என்று தேடுகிற ஆய்வகம் அது. திங்கட்கிழமைதோறும் எல்லோரும் பஞ்சுக்குச்சியால் மூக்கைத் துடைத்து, கெட்ட கிருமி பரப்பிய தட்டில் தேய்ப்பார்கள். தட்டுப் பக்கமே வராத பேராசிரியர், போன வாரம் பத்திரிகைப் புகைப்படத்துக்காக மூக்கைக் கொடுத்தார். மறுநாள் அவர் குச்சி பட்ட இடத்தைச் சுற்றி ஒரு கிருமி உயிரோடு இல்லை. மூக்கு வடிவத்தில் கேக்குக்குச் சொல்லியாகிவிட்டது.

அந்த ஆய்வகத்து ஆய்வாளர் மாரிட் ஸ்கோக்லண்டுக்குத்தான் கேக் இறங்காது போலிருந்தது. ஜூனில் அவள் வேலை முடிகிறது. நீட்டிக்கக் கையெழுத்துப் போட வேண்டியவர் அந்த மூக்குக்குச் சொந்தக்காரர். கையெழுத்து விழும்வரை ஒரு வாரம் வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். ஆனால் கேக் வெட்ட ஊரே கூடி நிற்கையில் அவரிடம் போனாள்.

"லைல், உங்க மூக்குக் கிருமிய ஒவ்வொண்ணா வளர்த்துப் பாத்துட்டேன். ஒண்ணும் எதையும் கொல்லல."

"தனியா விட்டா யாருக்கு வேலை ஓடும்? கூட்டா கொல்லும்."

"சேத்து வெச்சும் பாத்தேன். நேத்து உங்க மூக்குல நேரா எடுத்த புதுக் குச்சி மட்டும் கொல்லுது."

"அப்புறம் என்ன? உன் வேலை ஜூன் வரைக்கும்தானே மாரிட்?" என்றார் பரிவோடு. "கட்டுரைல உன் பேரைத்தான் முதல்ல போடறதா இருக்கேன். கேக் வெட்டற நேரத்துல வந்து நிக்கறியே."

மாரிட் ஒருமுறை கேக்கைப் பார்த்தாள்.

"மூக்குல ஏதாவது போடறீங்களா?"

"நானா? உடம்பே மருந்துக்கடைன்னு ஊர் ஊராப் போய்ப் பேசறவன்மா நான். மருந்தத் தொட மாட்டேன்."

"மருந்து இல்லாம வேற ஏதாவது?"

"குளிர்ல உள்ள வெடிச்சு எரியுது. என் பொண்டாட்டி யூனிஸ் ஒரு களிம்பு குடுத்தா. வாசலின் மாதிரி ஏதோ."

சட்டைப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தார். அவர் அதன் மேலுறையை இதுவரை படித்ததில்லை. மாரிட் எல்லோருக்கும் கேட்கும்படி படித்தாள்.

டாக்டர் சீட்டில்லாமல் எந்த மருந்துக்கடையிலும் கிடைக்கிற ஆன்டிபயாடிக் களிம்பு அது.