சமமாய்ப் பிரிந்த ஓட்டு

ஐந்தாம் வகுப்போடு நின்ற நான் மாநிலச் சட்டமன்றத்தில் இருபது வருடம் சபாநாயகராக இருந்தேன். எவன் சொல்லும் கணக்கையும் நம்பமாட்டேன். ஓட்டெடுப்பில் தலைகளை நானே எண்ணுவேன். இரு பக்கமும் சமமானால் மட்டுமே சபாநாயகருக்கு ஓட்டு. அப்போது, இருப்பது மாறாமல் இருக்கட்டும் என்று போடுவது வழக்கம்.

ஆஸ்பத்திரியில் நினைவின்றிக் கிடந்த மனைவிக்கு மாட்டியிருந்த செயற்கைச் சுவாசக் குழாயை எடுத்துவிடலாமா என்று டாக்டர் கேட்டார்.

"எடுத்துடலாம்ப்பா. அம்மா பட்டது போதும்," என்றான் மகன்.

"கல்நெஞ்சக்காரா! எடுக்கக் கூடாது," என்றாள் மகள். "நீங்க சொல்லுங்கப்பா."

ஒன்றுக்கு ஒன்று.

"இருக்கிறபடியே இருக்கட்டும்," என்றேன்.

"சபாநாயகர் தீர்ப்புச் சொல்லிட்டாரு," என்று மகன் வெளியே போனான்.

குழாயோடு இன்னும் பதினோரு நாள் கிடந்து இறந்தாள். எனக்குக் குழாயெல்லாம் மாட்டிடாதீங்க என்று முன்பே என்னிடம் சொல்லியிருந்தாள். அவள் தலையை நான் எண்ணவில்லை.