என் லேப்டாப்புக்குக் கிடைத்த விடுதலை

யோக்யகர்த்தாவில் எங்கள் தெருவிலேயே லினக்ஸ் என்கிற இலவச இயங்குதளத்தைப் பற்றி அதிகம் பேசுகிறவர் என் கணவர் பகாஸ்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை பேச்சோடு நிற்காமல் செயலிலும் இறங்கினார். அதற்கு அவர் தேர்ந்தெடுத்தது என் லேப்டாப்பை.

“உன் மெஷினுக்கு இன்னைக்கு விடுதலை, ரெத்னோ. ஒரு காபி குடிக்கிற நேரம்தான்.”

நான் கெபாயா, அதாவது எங்கள் ஊர்ப் பெண்கள் அணியும் மேல்சட்டை, தைத்துப் பிழைப்பவள். வாடிக்கையாளர்களின் அளவுகள் எல்லாம் அதில்தான் இருந்தன. அவரைப் பற்றித் தெரியுமென்பதால் எல்லாவற்றையும் முன்பே பென்டிரைவில் எடுத்து வைத்திருந்தேன்.

நல்லதாகப் போயிற்று. ‘டிஸ்க் முழுவதையும் அழிக்கவா?’ என்று திரை கேட்டபோது, படிக்காமலே ‘ஆம்’ என்று அழுத்தினார். லினக்ஸ் சமர்த்தாக ஏறியது. வைஃபை மட்டும் வரவில்லை.

“வைஃபைக்கான டிரைவர் சாஃப்ட்வேர் இல்ல. நெட்ல இருந்து இறக்கணும்.”

“நெட்டே இல்லியே, எப்படி இறக்குவீங்க?”

“அதைத்தானே யோசிச்சிட்டிருக்கேன்!”

சாயங்காலம்வரை யோசித்தார். நான் என் போனைக் கேபிளில் செருகி, அதிலிருந்த நெட்டைக் கொடுத்தேன். டிரைவர் இறங்கியது, வைஃபையும் வந்தது. உடனே அவர் தன் லினக்ஸ் நண்பர்கள் குழுவில், ‘சிக்கலான பிரச்சினை, தீர்த்துவிட்டேன்’ என்று எழுதினார்.

உண்மையைச் சொன்னால் லேப்டாப் இப்போது பறக்கிறது. முன்பெல்லாம் அது திறப்பதற்குள் கெபாயாவுக்கு ஒரு கை தைத்துவிடுவேன். அந்தச் சந்தோஷத்தில், “உங்க லேப்டாப்பையும் குடுங்க, நானே லினக்ஸ் போட்டுத் தர்றேன்” என்றேன்.

அவர் அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார்.

“ஐயையோ, வேணாம்மா! என் கேம் அதுல ஓடாது.”