லாசரஸ் அழுத நாள்

தபீதாள் தாம்பரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் வேதியியல் டீச்சர். சனிக்கிழமைகளில் செம்பாக்கம் சபையில் வேதாகம ஆலோசனை ஊழியம் செய்துவந்தாள். அதற்கென்று ஒரு வருடம் வார இறுதி வகுப்புக்குப் போய்ப் படித்திருந்தாள். அங்கே கற்றதை முழுமனதோடு நம்பினாள். மனித உள்ளத்துக்கு வேண்டிய எல்லாம் வேதத்தில் இருக்கிறது. துன்பத்தின் வேர் பாவம். பாவம் செய்தவன் மனந்திரும்பினால் அவனை மன்னிக்க வேண்டும். மன்னித்தபின் இருவரும் ஒப்புரவாகி மறுபடி சேர வேண்டும். சமன்பாடு எழுதிப் பழகிய கைக்கு அந்த ஒழுங்கு பிடித்திருந்தது.

2007 ஜூலையில் ஞானஜோதி அவளிடம் வந்தாள். வயது இருபத்தெட்டு. எக்ஸ்போர்ட் கம்பெனியில் தையல் வேலை. அவள் கணவன் லாசரஸ் திருமுடிவாக்கத்தில் ஒரு பட்டறையில் லேத் மெஷின் ஓட்டுபவன். சபையில் கீபோர்டு வாசிப்பவனும் அவன்தான். ஞானஜோதி ரவிக்கைக் கையைத் தூக்கிக் காட்டினாள். பழைய காயங்களும் புதிய காயங்களும் இருந்தன.

"எவ்ளோ நாளா இது?"

"கல்யாணமாகி ரெண்டாம் மாசத்துலருந்து அக்கா. அஞ்சு வருஷம் ஆவுது. யார்கிட்ட சொல்றது? அவரு வாசிக்க ஆரம்பிச்சா சபையே கண்ணீர் விடுது."

தபீதாள் ஞானஜோதியை உடனே மாடம்பாக்கத்தில் இருந்த அவள் அண்ணன் வீட்டுக்கு அனுப்பினாள். பாஸ்டரிடம் சொன்னாள். இருவரும் லாசரஸை மூன்று சனிக்கிழமை கூப்பிட்டுப் பேசினார்கள். முதல் வாரம் அவன் எதையும் ஒத்துக்கொள்ளவில்லை. இரண்டாம் வாரம், "அவ எதிர்த்துப் பேசறா" என்றான். மூன்றாம் வாரம் பாஸ்டர், பிறன் மனைவியை எடுத்துக்கொண்டு அவள் புருஷனையும் கொல்வித்த தாவீது ராஜாவின் முன்னால் தீர்க்கதரிசி விரல் நீட்டிய கதையைச் சொன்னார். லாசரஸ் நாற்காலியிலிருந்து சரிந்து சிமென்ட் தரையில் விழுந்து அழுதான். மூக்கு ஒழுக, தோள் குலுங்க அழுதான். பார்த்துக்கொண்டிருந்த தபீதாளும் அழுதாள். அடுத்த ஞாயிறு அவன் சபை முன்னால் நின்று தன் பாவத்தை அறிக்கையிட்டான். ஆமென் சொல்லாதவர்கள் இல்லை.

ஞானஜோதியைத் திரும்பப் போகச் சொல்லும் பொறுப்பு தபீதாளுக்கு வந்தது.

"உங்ககிட்ட அழுதாரு. சபை முன்னாடியும் அழுதாரு. என்கிட்ட ஒரு வார்த்தை பேசலையேக்கா" என்றாள் ஞானஜோதி.

"பேசுவாரும்மா. நீ மன்னிக்கலைன்னா கசப்பு உனக்குள்ள வேர் விட்ரும்."

"மன்னிச்சிட்டேன்னே வெச்சிக்கோங்க. வூட்டுக்குப் போகத்தான் பயமா கீது."

"பயம் விசுவாசத்துக்கு எதிரானது ஞானஜோதி."

ஞானஜோதி அன்று மாலையே பையை எடுத்துக்கொண்டு கணவன் வீட்டுக்குப் போனாள்.

பத்தொன்பதாம் நாள், ஆராதனை முடிந்து வீடு திரும்பிய மதியத்தில், "ஊர் முன்னாடி என்னை நிக்க வெச்சிட்ட இல்ல?" என்று கேட்டபடி லாசரஸ் கதவைத் தாழிட்டான். பக்கத்து வீட்டு ஜஹீரா ஆட்களைக் கூப்பிட்டுக் கதவை உடைத்து உள்ளே போனபோது ஞானஜோதிக்கு நினைவில்லை. தாடை உடைந்திருந்தது. இடது காதிலிருந்து ரத்தம் வந்துகொண்டிருந்தது. அந்தக் காது அதன்பின் கேட்கவே இல்லை.

தபீதாள் ஆஸ்பத்திரிக்கு ஓடினாள். வராந்தாவில் ஜஹீரா நின்றிருந்தாள்.

"நீங்கதான் அந்த கவுன்சிலிங் டீச்சரா? திரும்பி வந்த நாள்லருந்து அந்தப் பொண்ணு பயந்துகினேதான் இருந்துச்சு. உங்ககிட்ட சொல்லலையா?"

"சொன்னா" என்றாள் தபீதாள்.

அந்த வாரம் அவள் பள்ளிக்கூடம் போகவில்லை. பாஸ்டர் லாசரஸுக்குச் சொன்ன அதே பகுதியைத் திரும்பத் திரும்ப வாசித்தாள். ராஜா அழுகிறான், மன்னிக்கப்படுகிறான். அதுவரைதான் அவள் எல்லோருக்கும் சொல்லிக்கொடுத்திருந்தாள். ஆனால் பக்கம் அங்கே முடியவில்லை. மன்னிப்புக்குப் பிறகும் பட்டயம், தண்டனையின் வாள், அவன் வீட்டை விட்டு நீங்கவில்லை. ஆற்றங்கரைக்கு ஞானஸ்நானம் கேட்டு வந்தவர்களிடமும் யோவான் மனந்திரும்பியதற்கான கனியை, செயலில் தெரியும் மாற்றத்தைத்தான் கேட்டான். இதெல்லாம் அவளுக்குத் தெரியாத வசனங்கள் அல்ல. பேனாவால் அடிக்கோடுகூடப் போட்டிருந்தாள்.

புதன்கிழமை பாஸ்டர் கூப்பிட்டனுப்பினார். அறையில் லாசரஸ் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தான்.

"இன்னொரு தடவை விழுந்துட்டார் சிஸ்டர். நாமதான் தூக்கிவிடணும். போலீஸ், கோர்ட்டுன்னு போனா சபைக்கு நல்ல சாட்சியா இருக்காது, பேரு கெட்டுடும்" என்றார் பாஸ்டர்.

"வேதம் போதும்னு நான்தான் எல்லாருக்கும் சொன்னேன் பாஸ்டர். போதும்தான். நான் பாதியில நிறுத்திட்டேன்."

பிறகு லாசரஸைப் பார்த்துச் சொன்னாள். "பிரதர், நிஜமா மனந்திரும்பியிருந்தா எழுந்திருங்க. ஸ்டேஷனுக்குப் போய் நீங்களே ஒத்துக்குங்க. நான் கூட வரேன்."

அவன் அழுகை சட்டென்று நின்றது. கைக்குட்டையை மடித்து ஜேபியில் வைத்தான். "இன்னா பாஸ்டர், இவங்க இப்படிப் பேசறாங்க?" என்றான். குரலில் ஈரமே இல்லை. அந்த முகத்தைத்தான் ஞானஜோதி தினமும் பார்த்திருப்பாள் என்று தபீதாளுக்குத் தோன்றியது.

அவள் தனியாக மகளிர் காவல் நிலையத்துக்குப் போனாள். லாசரஸ் தன்னிடம் ஒத்துக்கொண்டது, தான் ஞானஜோதியைத் திருப்பி அனுப்பியது, இரண்டையும் எழுதிக் கொடுத்தாள். ஆலோசனை அறையில் கேட்டதை வெளியே சொன்னதாகச் சபை அவளை ஊழியத்திலிருந்து நீக்கியது. லாசரஸ் கைதாகி, ஒரு மாதத்தில் ஜாமீனில் வந்தான். கிறிஸ்துமஸ் ஆராதனைக்கு அவனே வாசித்தான் என்று கேள்விப்பட்டாள்.

ஞானஜோதி மறுபடி அண்ணன் வீட்டில் இருந்தாள். தபீதாள் நான்கு முறை போனாள். நான்கு முறையும் அண்ணி வாசலிலேயே நிறுத்தி, தூங்குகிறாள் என்றாள்.

வழக்கு 2009 மார்ச்சில்தான் விசாரணைக்கு வந்தது. கோர்ட்டு வராந்தா பெஞ்சில் ஒரு முனையில் ஞானஜோதி, மறுமுனையில் சாட்சி சொல்ல வந்த தபீதாள். நடுவில் இரண்டு பேர் உட்காரும் அளவுக்கு இடம். வெகுநேரம் கழித்துத் தபீதாள் எழுந்து, கேட்கும் காதின் பக்கம் போய் நின்றாள்.

"நான் உனக்குப் பெரிய பாவம் செஞ்சிட்டேன். பயமா இருக்குன்னு நீ சொன்னத நான் கேக்கல. அத விசுவாசக் குறைச்சல்னு சொன்னேன். என்னை மன்னிச்சிடு."

ஞானஜோதி நிமிர்ந்து பார்த்தாள். தாடை சரியாகக் கூடாததால் வார்த்தைகள் மெதுவாக வந்தன.

"கேட்டுட்டீங்க. சரிக்கா. இப்ப என்னால முடியாது. எப்ப முடியும்னும் தெரியல."

தபீதாளின் வாயில் ஒரு வசனம் வந்தது. அவள் அதைச் சொல்லவில்லை. "சரிம்மா" என்று மட்டும் சொன்னாள்.

மதியம் வழக்கு ஜூன் மாதத்துக்குத் தள்ளிப்போனது. ஞானஜோதி அண்ணனோடு ஷேர் ஆட்டோவில் ஏறினாள். தபீதாள் வெயிலில் பஸ் நிறுத்தத்துக்கு நடந்தாள்.